கேட்காமல் எழுதிய பதில்

குழாய் சொட்டுவது நின்றுபோனதில்தான் கேள்வியக்காவுக்கு எல்லாம் ஆரம்பித்தது.

வருஷக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய் அது. ஒரு வாஷர் மாற்றச் சொல்லிக் கணவரிடம் கேட்டுக் கேட்டு வாய் வலித்து, கடைசியில் அடியில் ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டு அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். ஒரு நாள் வேலை முடிந்து வந்து சமையலறைக்குள் போனால் கிண்ணம் காய்ந்து கிடக்கிறது. சரி, மனுஷனுக்கு இப்போதாவது மனசு வந்ததே என்று சிரித்துக்கொண்டாள். அடுத்த நாள் பார்த்தால் மூடாமல் அடம்பிடித்த அலமாரிக் கதவு மூடுகிறது. அதற்கடுத்து கத்திகளெல்லாம் சாணை பிடித்து வரிசையாக இருக்கின்றன. பிறகு ஒரு மாலை அவளைக் கூப்பிட்டு, ஃபியூஸ் போனால் எந்தக் கட்டையைப் பிடுங்க வேண்டும், சிலிண்டரை எப்படித் திருகிக் கழற்ற வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடம் போகும் மகளுக்குச் சைக்கிள் செயின் மாட்டவும் கற்றுக்கொடுத்தாகிவிட்டது. "இனிமே நீயே பார்த்துக்குவ, அப்பாவைக் கூப்பிட வேண்டியதில்லை" என்று அவர் சொன்னதை மகள் பெருமையாக வந்து ஒப்பித்தாள்.

பக்கத்து வீட்டுக்காரிக்குப் பொறாமை தாங்கவில்லை. உங்க வீட்டுக்காரரை எங்க வீட்டுக்கும் ஒரு வாரம் வாடகைக்கு விடுங்களேன் என்று கேட்டாள். கேள்வியக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பாள். இவள் பார்த்த வேலை அப்படி, விட முடியவில்லை.

என்ன வேலை என்று கேட்டால் நாலு வார்த்தையில் சொல்ல வராது. அரசாங்கமோ ஒரு கம்பெனியோ ஜனங்களுக்கு நல்லது செய்கிறோம் என்று ஒரு திட்டம் போடும். குடியை விட நினைப்பவர்களுக்கு ஒன்று, பிள்ளை பெற்றபின் மனசு சோர்ந்து கிடக்கும் தாய்மார்களுக்கு ஒன்று, முதியோர் இல்லத்துக்கு ஒன்று. அந்தத் திட்டத்தால் உண்மையிலேயே பலன் உண்டா, அல்லது பேனரும் பிஸ்கட்டும்தானா என்று பார்த்துச் சொல்ல வெளியிலிருந்து ஓர் ஆய்வு நிறுவனத்தை வைப்பார்கள். அந்த நிறுவனத்தின் கேள்வி கேட்கிற ஆள்தான் இவள். திட்டம் தொடங்கும் முன் ஒரு தடவை, முடிந்தபின் ஒரு தடவை, வீடு வீடாகப் போய் அதே கேள்விகளை அதே குரலில் கேட்க வேண்டும். முன்னால் வந்த மதிப்பெண்ணையும் பின்னால் வந்ததையும் வைத்து மேடம் அறிக்கை எழுதுவார். மேடம் என்றால் நிறுவனத்தின் தலைவி. நல்ல மனுஷி, ஆனால் தூங்குகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் கெடு தேதியைப் பற்றிக் கவலைப்படுகிற மனுஷி.

இந்த வேலைக்குச் சட்டதிட்டம் உண்டு. பதில் சொல்பவர் அழுதால் தண்ணீர் கொடுக்கலாம், ஆறுதல் சொல்லக் கூடாது. "ஐயோ பாவம்" கூடாது, "அப்படியா" என்று புருவத்தைத் தூக்கவும் கூடாது. எழுதியிருப்பதை எழுதியபடி வாசித்து, இல்லவே இல்லை, சில நாட்கள், பாதி நாட்களுக்கு மேல், ஏறக்குறைய தினமும் என்ற நான்கில் ஒன்றை வாங்கிக்கொண்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். "கடந்த இரண்டு வாரங்களில்" என்றுதான் ஒவ்வொன்றும் ஆரம்பிக்கும். அந்தப் பேச்சு அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒருநாள் மகளிடமே, கடந்த இரண்டு வாரங்களில் நீ தலைக்கு எண்ணெய் வைத்ததுண்டா என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு வந்த பட்டம்தான் கேள்வியக்கா. மகள் வைத்தாள், தெரு பிடித்துக்கொண்டது.

புதிதாக ஒரு கேள்வித்தாள் வந்தால் அவள் வீட்டில்தான் ஒத்திகை பார்ப்பாள். பதில் சொல்லும் ஆள் வீட்டுக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மாடி மாடியாக ஏணி ஏறி, ஆகாயத்தில் தொங்கும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து, கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கிக் கரையில் வைக்கிற வேலை. நாளெல்லாம் தனியாக இருந்துவிட்டு வருவதால் வீட்டில் அவருக்கு வாய் ஓயாது. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பதில் சொல்வார். குடிகாரர் கேள்வித்தாள் வந்தபோது நாக்குக் குழறக் குழறப் பேசினார். பிள்ளை பெற்றவளாக அவர் ஒரு தலையணையை மடியில் போட்டுக்கொண்டு, குரலை மெலிதாக்கி, "தூக்கமா? இவன் எங்கங்க தூங்க விடுறான்?" என்று சொன்னபோது கேள்வியக்கா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சிரித்ததோடு நின்றிருக்கலாம். தொழில் ரகசியத்தையும் சேர்த்துச் சொன்னாள், அங்கேதான் வினை. எல்லாவற்றுக்கும் "இல்லவே இல்லை" என்று சொல்கிறவனை நாங்கள் நம்ப மாட்டோம், ஓரத்தில் ஒரு குறி போட்டு மேடமிடம் கொடுத்துவிடுவோம் என்றாள். தூக்கத்துக்கும் பசிக்கும் மட்டும் "சில நாட்கள்" என்று சொல்லிவிட்டு மற்றதுக்கெல்லாம் இல்லை என்கிறவன்தான் ஆரோக்கியமான ஆள், அப்படி ஒரு தாள் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சரி என்று வைத்துவிடுவோம் என்றாள். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அப்ப உங்களை ஏமாத்துறது ரொம்பச் சுலபம்னு சொல்லு என்று கேலி செய்தார். அன்றைக்கு அது கேலிதான்.

ஒரே ஒரு கேள்வியை மட்டும் அவள் வீட்டில் வாசிக்க மாட்டாள். கடைசிக் கேள்வி. எந்தத் தாளாக இருந்தாலும் மனநலம் என்று வந்துவிட்டால் கடைசியில் அது இருக்கும். உயிரோடு இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்ற எண்ணம் வந்ததுண்டா என்பது. விளக்கேற்றுகிற வீட்டில் அதை வாயால் சொல்லக் கூடாது என்று அவளுக்குள் ஒரு பயம். அந்த இடம் வந்ததும் தாளைப் புரட்டிவிட்டு, அவ்வளவுதான் முடிஞ்சது, நன்றி ஐயா, வணக்கம் என்று விடுவாள்.

அப்புறம்தான் அந்தக் கன்டெய்னர் விழுந்தது.

கீழே நின்று சைகை காட்டுகிறவருக்கு விசில் என்று பட்டம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கிரேன்காரருக்குக் கூட்டாளி. மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர்தான் கண். விசிலின் கை இறங்கினால் இவர் இறக்குவார், கை நின்றால் நிறுத்துவார். அன்றைக்குக் கம்பிவடம் அறுந்து, கன்டெய்னர் நேராக விசில்மேல் விழுந்தது. விசாரணையில் வடம் தேய்ந்திருந்தது, ஓட்டுநர்மேல் தப்பில்லை என்று எழுதினார்கள். அதைப் படித்துக்காட்டியபோது கிரேன்காரர் தலையாட்டினார். வீட்டில் அதன்பின் பேச்சு நின்றுபோயிற்று. இஸ்திரி போடுவதையும் விட்டுவிட்டார். ராத்திரி எந்த நேரத்தில் முழித்துப் பார்த்தாலும் அவர் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார்.

துறைமுக நிர்வாகம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. விபத்தைப் பார்த்தவர்கள், கூட வேலை செய்தவர்கள் எல்லாருக்கும் மன ஆதரவு. கேன்டீனுக்குப் பின்னால் இருந்த அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வாராவாரம் உட்கார வைத்தார்கள். ஓர் ஆலோசகர் வந்து பேச வைத்தார். திட்டத்தை எடைபோட வெளியிலிருந்து ஆள் வேண்டுமென்று தேடினார்கள். பாருங்கள், மேடத்தின் நிறுவனமே வந்து மாட்டியது.

மேடம் கேள்வியக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். சொந்தக்காரரை நீங்கள் கேட்கக் கூடாது, அவரை வேறொருத்தர் கேட்பார், உங்களுக்குச் சம்மதமா என்றார். சம்மதம் என்றாள். கூட வேலை பார்க்கும் சோடாபுட்டிக்கு அவர் பெயர் போயிற்று. கண்ணாடி அவ்வளவு கனம், மனசோ பஞ்சு. விதிமுறைப்படி எல்லாம் சுத்தம். அந்த ஆள் எத்தனையோ வருஷமாக வீட்டில் உட்கார்ந்து பதில் சொல்லப் பழகியவர் என்பதை எந்த விதிமுறையும் கேட்கவில்லை, கேள்வியக்காவுக்கும் அது தோன்றவில்லை.

முதல் சுற்றில் அவர் வாயே திறக்கவில்லையாம். தலையை ஆட்டியே பதில் சொன்னாராம். மதிப்பெண் எகிறியது, இந்தத் தாள்களில் மதிப்பெண் கூடக்கூட மனசு மோசம் என்று அர்த்தம். கிரேனில் ஏற்றாமல் கேட்டில் லாரிச் சீட்டு சரிபார்க்கிற வேலையில் போட்டார்கள். அது அவருக்குப் பெரிய அவமானம். சமையலறை ஜன்னலில் நின்றால் கிரேன் தெரியும். வெறும் கையை நீட்டிக்கொண்டு நிற்கும், மாலையில் உச்சியில் சிவப்பு விளக்கு எரியும். அவர் டீ குடிப்பதை அந்த ஜன்னலோரமாகவே வைத்துக்கொண்டார்.

திட்டம் முடிந்தது. இரண்டாவது சுற்றுக் கேள்வியும் முடிந்தது. நிர்வாகம் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. மதிப்பெண் குறைந்தவர்கள் எல்லாரும் பழைய வேலைக்குத் திரும்பலாம் என்று அறிவித்தார்கள். நாங்கள் கேட்டது திட்டத்தை அளக்க, ஆளை அளக்க இல்லை என்று மேடம் இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டார். கிரேன்காரரின் பெயர் பட்டியலில் இருந்தது. திங்கட்கிழமை காலை மேலே ஏறலாம்.

அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அவர் முகம் தெளிந்தது. பேச்சும் வந்தது. குழாயைச் சரி செய்தது அதற்கு மறுநாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அலுவலகத்தில் எல்லாரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். வேலை முடிந்துவிட்ட சந்தோஷம். மேடம்கூட அன்றைக்குச் சிரித்த முகமாக இருந்தார், ஏனென்றால் துறைமுகத் திட்டத்தின் அறிக்கை மாதிரி அழகான அறிக்கை அவர் எழுதியதே இல்லை. முன்னால் இருந்த மதிப்பெண்களெல்லாம் பாதியாக விழுந்திருந்தன. கடைசிக் கேள்விக்கு ஒருத்தர்கூட ஆமாம் என்று சொல்லவில்லை. இந்தத் திட்டத்தை மற்ற துறைமுகங்களுக்கும் கொண்டுபோகப் போகிறார்களாம்.

சோடாபுட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சொல்லக் கூடாதுதான், இருந்தாலும் நல்ல செய்திதானே என்று ஆரம்பித்தாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் மாதிரி எல்லாரும் பதில் சொன்னா நம்ம வேலை எவ்வளவு சுலபம் தெரியுமா? நான் வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள பதில் வந்துருச்சு. தூக்கத்துக்கும் பசிக்கும் சில நாட்கள். மத்ததெல்லாம் இல்லவே இல்லை. நம்ம ட்ரெய்னிங்ல காட்டுவாங்களே மாதிரித் தாள், அப்படியே அது."

கேள்வியக்காவின் கையிலிருந்த உருண்டை டப்பாவிலேயே விழுந்தது. தூக்கத்துக்கும் பசிக்கும் சில நாட்கள். மற்றதெல்லாம் இல்லை. இஸ்திரிச் சூடும் ஈரத் துணி வாசனையும் சட்டென்று மூக்கில் வந்தது. அது அவள் சொல்லிக்கொடுத்த பதில். ஒரு சொல் கூடாமல் குறையாமல் அவள் வாயிலிருந்து போனது, வேறு ஒருத்தி கையால் தாளில் ஏறித் திரும்பி வந்திருக்கிறது.

பிறகு பிடித்துக்கொள்ள ஒரு நூல் கிடைத்தது. கடைசிக் கேள்வியை அவள் சொல்லிக்கொடுக்கவே இல்லையே. அதற்கு அவர் சொன்னது அவருடைய பதிலாகத்தான் இருக்க வேண்டும். அதை எப்படிச் சொன்னார், யோசித்தாரா, உடனே சொன்னாரா என்று கேட்டாள்.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அதை எப்படிக்கா நான் கேட்பேன்? அன்னைக்குத்தான் மனுஷன் முகத்துல சிரிப்பையே பார்த்தேன். அதைப் போய்க் கெடுப்பாங்களா? நானே இல்லைன்னு போட்டுட்டேன்." பிறகு கேள்வியக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எல்லாரும் அப்படித்தானேக்கா போடுறோம். நீங்க மட்டும் கேட்கவா செய்றீங்க?"

இவளும் கேட்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓரிரு தடவை கேட்டாள். ஒரு வயதான அம்மா, என்னைச் சாகச் சொல்றியா என்று சண்டைக்கே வந்துவிட்டார். அதன்பின் முகத்தைப் பார்த்தே போட ஆரம்பித்தாள். இந்தத் துறைமுகத் திட்டத்திலும் அப்படித்தான். வெல்டர் ஒருத்தர், இரும்பை வெட்டி விசிலின் உடம்பை வெளியே எடுத்தவர், கேள்விக்குக் கேள்வி ஒரு ஜோக் சொல்லி அவளை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தார். சிரித்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டே கடைசிக் கட்டத்தில் இல்லவே இல்லை என்று குறி போட்டுவிட்டு வந்தாள். ஒருத்தர்கூட ஆமாம் என்று சொல்லவில்லை என்று மேடம் சந்தோஷப்படுகிறாரே, ஒருத்தரையும் யாரும் கேட்கவில்லை. தங்கமான மனசுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, அடுத்தவர் மனசு நோகக் கூடாதென்று, அந்தக் கேள்வியை ஊரைவிட்டே துரத்தியிருந்தார்கள்.

மேடத்தின் கண்ணாடிக் கதவு பக்கத்திலேயே இருந்தது. தட்டிச் சொல்லலாம். சொன்னால் அறிக்கை போயிற்று, சோடாபுட்டியின் வேலை போயிற்று, தன் வேலையும் போயிற்று. அதெல்லாம் போகட்டும். அவர் திங்கட்கிழமைக்காகத் துவைத்து வைத்திருக்கிற சீருடையை என்ன செய்வது? அவரைப் பைத்தியக்காரன் என்று பெண்டாட்டியே போய் எழுதிக்கொடுத்தாள் என்று கேட்டில் நிற்கிற லாரிக்காரன் வரை பேசுவான். ஒருவேளை அவர் உண்மையிலேயே தேறியிருந்தால்? தேறியதால்தான் குழாயைப் பார்த்தாரோ என்னவோ. இப்படி நினைக்க அவளுக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. அந்த ஆசையைப் பார்த்துத்தான் அவளுக்கு இன்னும் பயம் வந்தது. டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. துறைமுகச் சுவரை ஒட்டி வண்டி திரும்பும்போது அந்தக் கிரேன் தெரிந்தது, அதன் கண்ணாடிப் பெட்டியை யாரோ துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தார்கள். பார்க்கவே பிடிக்காமல் இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் அவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எத்தனை மாதத்துக்கு அப்புறம்! சீருடை முடிந்து கதவில் தொங்கியது. இப்போது போட்டுக்கொண்டிருந்தது அவளுடைய ஜாக்கெட்டுகள், மகளின் பள்ளிச் சட்டைகள். பக்கத்தில் மலைபோல் மடித்து வைத்திருந்தார். கேள்வியக்கா வாசலிலேயே நின்று அந்தத் துணிகளைப் பார்த்தாள். ஒரு வாரத்துக்குத் தேவையானது இல்லை அது, பல நாளைக்குக் காணும்.

என்ன சீக்கிரம் வந்துட்ட என்று கேட்டார். மகள் டியூஷன் போயிருப்பதாகச் சொன்னார். சாப்பாடு போடட்டுமா என்றும் கேட்டார். குரல் தண்ணீர் மாதிரி நிதானமாக இருந்தது. விபத்துக்கு முன்னால்கூட அவர் இவ்வளவு நிதானமாக இருந்ததில்லை, எப்போதும் ஒரு பரபரப்பும் கத்தலுமான மனுஷன்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்டே பிழைத்தவளுக்குப் பேச்சை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. கடைசியில் பழகிய வழியிலேயே இறங்கினாள்.

"கடந்த இரண்டு வாரங்களில்..." என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். மறுபடியும் ஒத்திகையா, இந்தத் தடவை நான் யாரு, குடிகாரனா பிள்ளை பெத்தவளா என்றார்.

"நீங்க நீங்களாவே இருங்க," என்றாள் அவள். அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அவள் தாள் எதையும் எடுக்கவில்லை. தாளில் இருக்கிறபடியும் கேட்கவில்லை. அந்த நீட்டி முழக்கிய வாக்கியத்தை விட்டுவிட்டு, வீட்டில் பேசுகிற பேச்சில் கேட்டாள்.

"ஏங்க, செத்துப் போயிடலாம்னு நெனைக்கிறீங்களா?"

அவர் கை சட்டைமேல் நின்றது. மற்ற எல்லாக் கேள்விக்கும் வாசித்து முடிக்கும் முன்னால் பதில் சொன்னவர், இதற்கு வாயைத் திறக்கவில்லை. துணி கருகுகிற வாசனை வந்தது. அவள்தான் எழுந்து பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்து, பிளக்கைப் பிடுங்கினாள். பள்ளிச் சட்டையின் முதுகில் பழுப்பாக ஒரு முக்கோணம் விழுந்திருந்தது.

ஆறுதல் சொல்லக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது, காத்திருக்க வேண்டும். எத்தனையோ வீடுகளில் அவள் கடைப்பிடித்த விதி. தன் வீட்டில் அதைக் கடைப்பிடிக்க உயிரே போயிற்று. அழுதுவிடக் கூடாதென்று புடவை நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதை இவ்வளவு நாளா யாருமே கேட்கலையே," என்றார் கடைசியில். குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை, ஓர் ஆச்சரியம் மட்டும். "அந்த வட்டத்துல உட்கார்ந்து தூக்கத்தைப் பத்திக் கேட்டாங்க. கோபத்தைப் பத்திக் கேட்டாங்க. இதைக் கேட்டா என்ன சொல்றதுன்னு ஒவ்வொரு வாரமும் பயந்துக்கிட்டே போவேன். கேட்கவே இல்லை. சரி, யாருக்கும் தெரிய வேண்டாம்போல இருக்குன்னு விட்டுட்டேன்."

"திங்கட்கிழமையா?" என்றாள்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "மேல போனா இறங்கி வர வேண்டாம்னுதான் இருந்தேன். கீழ பார்த்தா அவன் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிற மாதிரியே இருக்கு. வா வான்னு."

கேள்வியக்கா அன்றைக்கு எல்லா விதியையும் மீறினாள். ஐயோ என்றாள், அவர் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள், என்னை விட்டுட்டுப் போக மனசு வந்துச்சா என்று முதுகில் அடித்தாள். அவரும் அழுதார். விபத்துக்குப் பிறகு அவர் அழுதது அன்றைக்குத்தான். ஆனால் அவள் ஏமாந்து போகவில்லை. அழுதால் எல்லாம் சரியாகிவிடும் என்பதெல்லாம் வெளியே சொல்கிற பேச்சு, இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மகள் வந்ததும் அவளைப் பக்கத்து வீட்டில் விட்டாள். அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் உள்ளே கூப்பிட்டதும் வராந்தாவில் நின்று மேடத்துக்குப் போன் போட்டாள்.

ஒத்திகையை, தொழில் ரகசியத்தை, கடைசிக் கேள்வியை, எல்லாவற்றையும் சொன்னாள். சோடாபுட்டியின் பெயரை மட்டும் எடுக்கவில்லை, எல்லாரும் என்று சொன்னாள். மேடம் திட்டுவார் என்று பார்த்தால், அவர் கேட்டது ஒன்றுதான்.

"அப்ப அத்தனை பேரையும் மேல ஏறலாம்னு நான் கையெழுத்துப் போட்டுட்டேனா?"

கிரேன்காரரை அன்றே ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். அன்று ராத்திரி முழுக்க அவர் அவளோடு பேசவில்லை. ஒரு தடவை மட்டும், காட்டிக் கொடுத்துட்டயே என்றார். ஆமா, கொடுத்துட்டேன் என்றாள். அதற்குமேல் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை, அவர் உயிரோடு கோபித்துக்கொண்டு கிடப்பதே போதும் என்றிருந்தது. அறிக்கையை மேடம் அன்று ராத்திரியே திரும்ப வாங்கிவிட்டார். நிர்வாகம் குதித்தது. கையெழுத்துப் போட்டது போட்டதுதான், கப்பல்கள் காத்திருக்கின்றன, பட்டியலில் இருக்கும் ஆட்கள் திங்கட்கிழமை வேலைக்கு வந்தே ஆக வேண்டும் என்றது. தனிப்பட்ட முறையில் ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்டுவிட்டு வாருங்கள், முடிந்தவரை தடுக்கிறேன் என்று மேடம் சொல்லியனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறும் முன்பே கேள்வியக்கா தெருவில் இறங்கிவிட்டாள். முதலில் வெல்டர் வீடு. அவரே பற்றவைத்துச் செய்த இரும்புக் கதவு, பூவும் கொடியுமாக. தட்டினால் மணி மாதிரி சத்தம் வந்தது. திறக்க நேரமானது. அந்த நேரத்துக்குள் அவள் கும்பிடாத சாமியில்லை.

திறந்த முகத்தில் அதே சிரிப்பு.

"வாங்க கேள்வியக்கா! ஞாயித்துக்கிழமையும் விடமாட்டீங்களா? எங்க வீட்டுக் கதவுக்கு மனநலம் எப்படின்னு கேட்க வந்தீங்களா?"

கூடத்தில் நாற்காலி போட்டார். விசிறியைச் சுழலவிட்டார். நாளைக்கு வேலையில் சேர்வதைப் பற்றி ஒரு ஜோக் சொன்னார், நல்ல ஜோக்தான். உள்ளறையில் அவர் மனைவி துணி மடித்துக்கொண்டே சிரிப்பது கேட்டது. கேள்வியக்கா சிரிக்கவில்லை. பையைத் திறக்கவும் இல்லை. போன தடவை உங்களைக் கேட்காமலே ஒரு பதிலை நானே எழுதிவிட்டேன், தப்பு என்னுடையது, இன்றைக்கு அந்த ஒன்றை மட்டும் கேட்க வந்தேன் என்றாள். கேளுங்க கேளுங்க, பதில் இலவசம் என்றார் அவர். அவள் கேட்டாள், வீட்டுப் பேச்சில், மெதுவாக.

வெல்டர் அடுத்த ஜோக்குக்கு வாயைத் திறந்தார். அது வரவில்லை. பிறகு எழுந்துபோய், மனைவி இருந்த உள்ளறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து, அவள் எதிரில் உட்கார்ந்தார்.